பெரிய வீடு கோவில்பட்டி: அம்மா சேலைகள்

7:10 ராஜேஸ்வரி: எல்லாருக்கும் காலை வணக்கம். அம்மா பீரோவ நேத்து ஒழிச்சேன். நூல் சேலை மட்டும் 14 கிடக்கு. திதி முடிஞ்ச கையோட வீட்ட வாடகைக்கு விடணும்னு முருகேசன் சொல்லுதான். பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கவரு சனிக்கிழமை வாராரு. போட்டுரவா?

7:14 செல்வி: ஐயோ அக்கா

7:14 செல்வி: போடாத

7:15 கலா: 14 சேலைக்கும் ஒரு சட்டி தருவாரு மதினி. அம்புட்டுதான்.

7:24 வசந்தா: அக்கா, ஒண்ணுகூடக் குடுக்காத. நான் சொல்லுதத முழுசா வாசி. அத வச்சு கூடப்பிறந்த நம்ம நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு குயில்ட், அதான் துண்டுத் துணியச் சேத்துத் தைக்கிற போர்வை, தைக்கலாம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அகலம் 45 அங்குலம். 5 அங்குலச் சதுரமா வெட்டுனா முழுச் சேலையில 380க்கு மேல வரும். மடிப்புல கிழிஞ்சது, கொசுவத்துல நைஞ்சது, முந்தியில அம்மா கை துடைச்சுத் துடைச்சு இத்துப்போனது எல்லாம் கழிச்சாலும் 100 தேறும். தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் போயிரும், அதனால சதுரம் நாலரையா நிக்கும். குறுக்க 13, நெடுக்க 18 வச்சா 234 சதுரம். ஒரு ஆள் நல்லா இழுத்துப் போர்த்தலாம். நாலு குயில்ட்டுக்கு 936. தாராளமா வருது. முக்கியமா, 14 சேலையும் நாலு குயில்ட்லயும் இருக்கும். இது ஒனக்கு, அது எனக்குங்கிற பேச்சே வராது.

7:25 முருகேசன்: கணக்கு டீச்சர் வந்தாச்சு

7:25 கார்த்தி: சித்தி 🙏

7:27 ராஜேஸ்வரி: வெட்டணுமா?

7:27 ராஜேஸ்வரி: அம்மா சேலையவா?

7:28 செல்வி: எனக்கும் அதான். கத்திரி வைக்கிறத நினைச்சாலே என்னமோ பண்ணுது

7:36 வசந்தா: எனக்கும் பண்ணும் செல்வி. ஆனா மடிச்சு வச்ச சேலை மடிப்போடயே இத்துப்போகும். என் வகுப்புக்கு வாரவங்க கொண்டு வந்து பிரிப்பாங்க, பிரிக்கும்போதே கோடு கோடா விட்டுரும். அமெரிக்காவுல அலபாமா மாகாணத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். கறுப்பின விவசாயக் குடும்பங்க, அங்க பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா குயில்ட் தைக்கிறவங்க. 1942ல மிசூரி பெட்வேங்கிற அம்மா, புருஷன் தவறுன பிறகு அவர் காட்டு வேலைக்குப் போட்ட துணியெல்லாம் எடுத்து, மகளையும் பக்கத்துல உக்காரவச்சு ஒரு குயில்ட் தைச்சாங்க. அவர நினைச்சுக்கிட்டு அதுக்கடியில படுக்கணும்னு. புதுத்துணி வாங்க வழியில்லாத வீடு அது. அந்தக் குயில்ட்தான் இன்னைக்கும் அவர் பேரச் சொல்லுது. பீரோவுக்குள்ளயே வச்சிருந்தா யாரு பாத்திருப்பா?

7:38 தீபா: 2002ல இங்க ஹூஸ்டன் மியூசியத்துலதான் அந்த ஊர்க் குயில்ட் கண்காட்சி முதல்ல நடந்தது பெரியம்மா. 2006ல தபால்தலையாவும் வந்திருக்கு. இங்க ராத்திரி 9 ஆச்சு, பிள்ளைய தூங்க வச்சுட்டு வாரேன்

7:40 முருகேசன்: திதிச் சமையலுக்கு ஆளு பாத்தாச்சா? அத முதல்ல பேசுங்க

7:41 கலா: பழைய தவசுப்பிள்ளை வரமாட்டாராம். மூட்டு வலி.

7:42 செல்வி: பதினாறாம் நாளுக்கு வந்தவரு வேண்டாம். அவியல்ல உப்பே இல்ல

7:42 முருகேசன்: அவரக் கூட்டிட்டு வந்ததே நீதான்

7:43 செல்வி: நீங்க ரெண்டு பேரும் கடைசி நாள்ல சொன்னா யாரு கிடைப்பா?

7:45 ராஜேஸ்வரி: சண்ட வேண்டாம். வசந்தா, கையால தைக்கிறதா மிஷினா? அம்மா பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் பழைய சேலைய நாலா மடிச்சு, சுத்தி ஓட்டுத்தையல் போட்டுக் குடுப்பாள்ளா. கார்த்திக்கும் அதுலதான் படுக்கை.

7:46 கார்த்தி: அது இருக்காம்மா?

7:46 ராஜேஸ்வரி: நீ நனைச்ச நனைப்புக்கு இருக்குமா

7:52 வசந்தா: அக்கா, அதேதான்! மேல துணி, நடுவுல துணி, அடியில துணி, மூணையும் சேத்துப் பிடிக்கிற ஓட்டுத்தையல். அதுதான் குயில்ட். அம்மா பண்ணினது அதுதான்.

7:55 கார்த்தி: சித்தி, போன மாசம் இங்க பெங்களூருல ஒரு கடையில கவந்தின்னு ஒரு குயில்ட் பாத்தேன். சித்தி மக்கள் தைக்கிறதுன்னு போட்டிருந்தது. சித்திக்கு சித்தி 😄

8:04 வசந்தா: அந்தச் சித்தி மக்கள் கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்காங்க. ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க வம்சம். அவங்க முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடியில ஒரு சேலைய விரிச்சு, ஓரத்துல இருந்து தைக்க ஆரம்பிப்பாங்க. கிடைச்ச துணிய விளிம்ப மடிச்சு மடிச்சு வச்சு, சுத்திச் சுத்தித் தைச்சுக்கிட்டே நடுவுக்கு வந்து முடிப்பாங்க. துணிய இழுத்துக் கட்டுற மரச்சட்டம் கிடையாது, அளவு வெட்டுறதும் கிடையாது. நாலு மூலையிலயும் மடிச்ச துணிய அடுக்கி வச்சுத் தைக்கிறது ஃபூலா, பூ. அது இல்லாம குயில்ட் முடியாது. அக்கா, ஒனக்கு இது நல்லா வரும். ஒனக்குள்ளத நீயே இப்படித் தை. நான் பக்கத்துல உக்காந்து ஆரம்பிச்சுத் தாரேன்.

8:05 ராஜேஸ்வரி: கண்ணு தெரியணுமே

8:06 முருகேசன்: கந்தத்துணி தைக்கவா வசந்தாக்கா ரிட்டயர் ஆனே

8:13 வசந்தா: ஆமா தம்பி, அதுக்குத்தான். 2019ல சென்னை நந்தம்பாக்கம் டிரேடு சென்டர்ல இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தப்ப நீயும்தான வந்த. ஒரு குயில்ட் முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்குத் தெரியும். நான் தீபாவோட ஹூஸ்டன் குயில்ட் விழாவுக்குப் போறப்ப வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள் நிப்பாங்க, நம்ம கை படக்கூடாது. பின்பக்கம் பாக்கணும்னு கேட்டா அவங்க ஓரத்தத் தூக்கிக் காட்டுவாங்க. நான் எப்பவும் பின்பக்கத்தத்தான் கேப்பேன். முடிச்சு எங்க போட்டிருக்கு, தையல் சீரா விழுந்திருக்கா, எல்லாம் அங்கதான் தெரியும். ஒரு மூலையில சீட்டு மாதிரி ஒரு சின்னத் துணியில தைச்சவங்க பேரு, ஊரு, வருஷம் இருக்கும். நம்மளதுலயும் அது கட்டாயம் வேணும். அம்மா பேரு, பிறந்த வருஷம், நம்ம பேரு.

8:14 கலா: நம்ம பேருன்னா யாரு யாரு மதினி?

8:14 வசந்தா: நாலு பேரும்தான்

8:15 கலா: சரி

8:16 செல்வி: கலா மதினி பேரும் போடணும். கடைசி ஆறு மாசம் அவங்கதான பாத்தாங்க

8:17 ராஜேஸ்வரி: நானும்தான் பாத்தேன்

8:18 வசந்தா: கலா, நான் யோசிக்காமச் சொல்லல, நீ இல்லாமலா. எல்லார் பேரும் போடுவோம். வரிசைய ஊருக்கு வந்து பேசிக்கிடலாம்

8:20 செல்வி: அரக்கு முகூர்த்தப் பட்டு எங்க இருக்கு? அதுவும் வெட்டணுமா?

8:26 வசந்தா: அதத் தொடவே வேண்டாம். சரிகை ஊசிய இழுக்கும், மேலுக்கும் குத்தும், பழைய பட்டு பாரம் தாங்காது. பழைய பட்டு வாங்குதோம்னு தெருவுல வருவாங்க, சரிகையில உள்ள வெள்ளிக்காக. யாரும் குடுத்துராதீங்க.

8:27 செல்வி: எங்க இருக்குன்னுதான் கேட்டேன்

8:31 கலா: அத்தை அவுக கையாலதான் எனக்குத் தந்தாக

8:31 செல்வி: எப்போ?

8:33 முருகேசன்: அதெல்லாம் பத்திரமா இருக்கு. நேர்ல பேசுவோம்

8:40 தீபா: பெரியம்மா, சின்னாளப்பட்டி சுங்குடி ஒண்ணு இருக்குமே, பச்சையில வெள்ளப் புள்ளி? அது என் குயில்ட்ல நிறைய வரணும்

8:41 ராஜேஸ்வரி: இருக்கு. ஓரம் கிழிஞ்சிருக்கு

8:49 வசந்தா: ஓரம் போனாப் பரவாயில்ல. அக்கா, துவைக்கும்போது சுங்குடியத் தனியா ஊற வை. சாயம் விடும். தண்ணி தெளியிற வரைக்கும் அலசு. சிவப்புச் சேலை எதையும் அது கூடச் சேக்காத, அப்புறம் வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸாயிரும். வாயில் சேலைக்கு, அந்த மெல்லிசு நூல் சேலைக்கு மட்டும் கஞ்சி போட்டு வை. அது நழுவும், வெட்டுறப்ப சதுரம் சதுரமாவே நிக்காது. நடுவுல பஞ்சு விரிப்பு வேண்டாம், கோவில்பட்டி வெயிலுக்குத் தாங்காது. ரொம்ப நைஞ்ச சேலையில கிழியாத இடத்த நடுவுல விரிச்சுருவோம். அடியில ஒரே சேலை அகலம் பத்தாது, ரெண்டு துண்டு மூட்டணும்.

8:51 செல்வி: ஒரு சேலை மட்டும் துவைக்காம வைக்க முடியுமா. அம்மா வாசம் இருக்கும்

8:52 கார்த்தி: ஆமா சித்தி. ஆச்சி வாசம். எனக்கும்

8:55 வசந்தா: வைக்கலாம் கண்ணுங்களா. ஆனா அது குயில்ட்ல சேராது. குயில்ட்ட ஒரு நாள் துவைக்கத்தான வேணும், அப்ப வாசம் போயிரும். கடைசியா உடுத்துன நீல வாயில் சேலைய வெளிய எடுத்து வைங்க.

8:56 ராஜேஸ்வரி: நீலம் கடைசி இல்ல. கத்திரிப்பூ கலர்தான்.

8:56 கலா: நீலந்தான் மதினி. ஆசுபத்திரிக்குக் கட்டிட்டுப் போனது

8:57 ராஜேஸ்வரி: வீட்டுல கட்டுனத சொல்லுதேன்

8:59 வசந்தா: ரெண்டையும் எடுத்து வைங்க

9:03 செல்வி: நான் திதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வாரேன். வெட்டுறதுக்கு நான் இருக்கணும்

9:05 வசந்தா: வட்டக்கத்தி, வெட்டுற பலகை, கட்டம் போட்ட ஸ்கேல் எல்லாம் நான் கொண்டு வாரேன். நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுது. முருகேசா, ஒன் கார்ல மதுரையில ஏறிக்கிடவா?

9:30 முருகேசன்: பாப்போம். சாப்பாட்டுக்கு எத்தன பேருன்னு எல்லாரும் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க