ஆறு வருஷம் கூடியபோது

2003-ல் சென்னையில் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பேட்டன்ட் என்றால் காப்புரிமை: ஒரு கண்டுபிடிப்பை அதன் உரிமையாளர் அனுமதியில்லாமல் மற்றவர்கள் தயாரிக்க முடியாது. 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புரிமைக்கு அதுவரை 14 வருஷம்தான் ஆயுள். மருந்து, உணவு செய்முறைக்கு இன்னும் குறைவு: காப்புரிமையை வழங்கி முத்திரையிட்ட நாளிலிருந்து 5 வருஷம் அல்லது விண்ணப்ப நாளிலிருந்து 7 வருஷம், எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு. விண்ணப்பம் நாலைந்து வருஷம் பரிசீலனையில் கிடந்தால் கையில் மிஞ்சுவது சொற்பம்.

2003 மே 20 முதல் எல்லாவற்றுக்கும் விண்ணப்ப நாளிலிருந்து 20 வருஷம் என்று ஆனது. அன்றைக்கு உயிரோடு இருந்த பழைய காப்புரிமைகளுக்கும் சேர்த்துத்தான்.

சில நாளில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பவுண்டரிக்காரர் வந்தார். இன்னொரு கம்பெனியின் பம்ப் பாகம் ஒன்றுக்கு 1989 ஆகஸ்டில் விண்ணப்பித்த காப்புரிமை இருந்தது. 2003 ஆகஸ்டில் முடியும் என்று கணக்குப் போட்டு, வார்ப்புக்கான மாதிரி (பேட்டர்ன்) செய்து, மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்திருந்தார். 2009 வரை தயாரிக்க முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பதினாலு வருஷம்னு சொல்லித்தானுங்களே குடுத்தாங்க, நடுவுல எப்படிங்க தம்பி மாத்துவாங்க?" என்று கேட்டார். அதே கம்பெனியின் இன்னொரு காப்புரிமை 1989 பிப்ரவரியில் விண்ணப்பித்தது. அது மே மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டதால் நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சீனியர் கனடா வழக்கைச் சொல்லி விளக்கினார். பழைய காப்புரிமைகளுக்கும் 20 வருஷம் கொடுத்தாக வேண்டும் என்று 2000-லேயே உலக வர்த்தக அமைப்பில் கனடாவுக்கு எதிராகத் தீர்ப்பாகியிருந்தது. அந்த அமைப்பில் உறுப்பினரான இந்தியாவுக்கும் வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. புதுக் கண்டுபிடிப்புக்கு 20 வருஷம் கொடுக்கட்டும். 1989-லேயே கண்டுபிடித்து முடித்த ஒன்றுக்கு 2003-ல் ஆறு வருஷம் கூட்டினால் புதிதாக என்ன வரப்போகிறது? பழைய சட்டத்தை நம்பிப் பணம் போட்டவருக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் அந்த பம்ப் பாகத்துக்கான காப்புரிமையைப் பதிவேட்டில் பார்த்தோம். ஆயுள் கூடினாலும் வருஷாவருஷம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால்தான் காப்புரிமை நிற்கும். அந்த வருஷத்துக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் கட்டியிருந்தார்கள். பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு வருஷம் கட்டாமல் விட்டுவிட்டார்கள். மீட்டெடுக்கக் கேட்க 18 மாத அவகாசம் உண்டு. அதுவும் கடந்த பிறகுதான் பவுண்டரிக்காரர் முதல் வார்ப்பை ஊற்றினார்.