முன் டயரின் உள் ஓரம் மட்டும் தேயுதா? அலைன்மென்ட் மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி புஷ்ஷைப் பாருங்க

பழைய ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறேன். இடது முன் டயரின் உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது என்று பஞ்சர் கடைக்காரர்தான் காட்டினார். வெளியே நின்று பார்த்தால் ட்ரெட் நன்றாகத்தான் இருந்தது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் லட்சணம் தெரியும்.

கேட்டவர்கள் எல்லாரும் கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) என்றார்கள். எனக்குச் சந்தேகம். டயரின் மேல் குறுக்கே உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழவழவென்று போகிறது, திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி கையைக் கீறுகிறது. இது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கோளாறு. கேம்பர் தப்பாக இருந்தால் ஒரு ஓரம் சீராகத் தேயும், இப்படிக் கீறாது. (இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், அது வேறு கதை.)

அலைன்மென்ட் (சக்கரங்களின் இந்தக் கோணங்களை மெஷினில் அளந்து சரிசெய்வது) பார்த்து அதிக நாள்கூட ஆகவில்லை, ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை, அதாவது அளவுக்குள். வேறொரு கடையில் வயசான மெக்கானிக் ஒருவர் மெஷின் பக்கமே போகாமல் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் கடப்பாரையை விட்டு நெம்பினார். ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ் ரப்பர் கிழிந்து ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. "நிக்கிறப்போ சரியாத்தான் காட்டும் தம்பி, பிரேக் புடிச்சா சக்கரம் எங்க திரும்புதுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார். புஷ் மாற்றி, முன்னால் இரண்டு புது டயர் போட்டு, அதற்குப் பிறகுதான் டோ வைத்தார்.

இன்னொன்று, பல கடைகளில் "கேம்பர் அவுட், கரெக்‌ஷன் பண்ணணும்" என்று தனியாகக் காசு கேட்பார்கள். நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் கம்பெனி கொடுத்த அட்ஜஸ்ட்மென்ட் டோ மட்டும்தான், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி வைப்பது. கேம்பர் சிவப்பில் நின்றால் ஏதோ வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) டூல் போட்டு இழுத்து வளைக்கிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் திசை பார்த்துப் போடும் வகை இல்லையென்றால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்தான். அப்புறம் ரிப்போர்ட் கேட்கும்போது வேலைக்கு முன், பின் இரண்டு பிரிண்ட்டும் வாங்கிவிடுங்கள், பின்னது மட்டும் கொடுத்தால் என்ன மாற்றினார்கள் என்றே தெரியாது.