தேர்வும் ஆய்வுக்கூடமும் ஒரே வாரத்தில் வந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். பதினேழு வயதில் நேர்ந்த விபத்தில், மார்புப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்புக்கு நேராக எனக்குத் தண்டுவடம் அடிபட்டது. கைகள் இரண்டும் நன்றாக இயங்குகின்றன. ஆனால் அடிவயிற்றிலிருந்து கால்கள் வரை உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வரும் வாரம் திங்களும் வியாழனும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், செவ்வாயும் புதனும் பிற்பகல் முழுவதும் ஆய்வுக்கூடம், வெள்ளியன்று கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும்.

வகுப்பில் உள்ள அனைவருக்கும் இதே அட்டவணைதான் என்பதை அறிவேன். ஆனால் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாத இன்னோர் அட்டவணையும் எனக்கு உண்டு. காலையில் மலம் கழித்து, குளித்து, உடுத்தி நாற்காலிக்கு மாறுவதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் எனும் மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். புண் வராமல் இருக்க, அரைமணிக்கு ஒருமுறையாவது முன்னால் நன்றாகக் குனிந்து இரண்டு நிமிடம் உட்காரும் இடத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். என் நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை வேறொரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பதால், மின்தூக்கிக்குக் காத்திருந்து போய்வர முப்பத்தைந்து நிமிடங்கள் ஆகின்றன. வகுப்புகளுக்கு இடையே கிடைப்பதோ பத்து நிமிடம்.

சென்ற மாதம் இதேபோன்ற ஒரு வாரத்தைச் சமாளிக்க, காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். வியாழனுக்குள் சிறுநீர் கலங்கலாகி, கால்கள் தாமாகவே வெட்டி இழுக்கத் தொடங்கின. வெள்ளியன்று குளிர்காய்ச்சலோடு படுத்தவள் ஒன்பது நாள் கழித்துத்தான் கல்லூரிக்குத் திரும்பினேன். ஒரு பாடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துக்கொள்ளும்படி துறையில் அறிவுரை சொல்கிறார்கள். அதை ஏற்பதா, அல்லது இந்த வாரத்தைக் கடக்க வேறு வழி இருக்கிறதா? என்னைப் போன்ற நிலையில் படித்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: சக்கர நாற்காலியில் இருந்தபடி பட்டம் முடித்தவர்

தங்கைக்கு வணக்கம். வேறு எதைக் குறைத்தாலும் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, பையில் தேங்கி, கிருமி பெருக இடம் கிடைக்கிறது. நீங்கள் சொல்லும் கலங்கலும் கால் வெட்டுதலும் அதன் அறிகுறிகளாகவே எனக்குத் தெரிகின்றன. இந்த முறை அவை தலைகாட்டினால், தேர்வு முடியட்டும் என்று இராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நான் செய்தது, ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிப்பதை விட்டுவிட்டு, மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குடித்ததுதான். சீராகக் குடித்தால் பை நிறையும் நேரமும் சீராகிவிடும். ஒவ்வொரு முறையும் வெளியேறும் அளவு 500 மில்லிலிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குரிய மொத்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, வாரத்தைத் திட்டமிடும் முறை. நானும் முதலில் வகுப்புகளை எழுதிவிட்டு, மிஞ்சிய சந்துகளில் உடம்பை நுழைக்கப் பார்த்தவள்தான். பிறகு வெற்றுத்தாளில் கதீட்டர் நேரங்களை முதலில் எழுதி, அவற்றுக்கு இடையே படிப்பை வைக்கத் தொடங்கினேன். தேர்வு பத்து மணிக்கு என்றால் ஒன்பதரைக்குப் பையைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கேற்ப அதற்கு முந்தைய முறை ஆறு மணிக்கு அமைய வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணினால், எந்த நாள் உண்மையிலேயே கொள்ளாது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

வேதியியல் என்பதால் ஆய்வுக்கூடம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், நானும் அதே பாடம் படித்தவள். ஆய்வுக்கூட மேசைகள் நின்று வேலை செய்பவர்களுக்காக ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் அமைந்திருக்கும்; நாற்காலியில் இருப்பவருக்கு 75 செ.மீ.தான் வசதி. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல் சோதனையில், பியூரெட் எனும் அளவுக்குழாயின் மேற்பகுதி நம் கண்ணுக்கு வெகு மேலே நிற்பதால், திரவத்தின் வளைபரப்பைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துத் தவறான அளவைக் குறித்துக்கொள்வோம். ஒரு பருவம் முழுவதும் என் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக, எனக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்றே நம்பியிருந்தேன். உதவியாளர் ஒருவர் தாங்கியைத் தாழ்வான மேசைக்கு மாற்றிக் கொடுத்த அன்று மூன்று முறை எடுத்த அளவுகளும் ஒத்துவந்தன. ரப்பர் மேலங்கி முழங்கால் வரை மறைக்கட்டும். அமிலம் தொடையில் சிந்தினால் அது எரிப்பது நமக்குத் தெரியாது.

சூட்டுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கருத்தரங்கக் கட்டுரைக்காக ஓர் இரவு முழுவதும் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துத் தட்டச்சு செய்தேன். மறுநாள் குளிக்கும்போதுதான் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் இருப்பதைக் கண்டேன். அது ஆற ஆறு வாரம் ஆயிற்று. கணினிக்குக் கீழே கட்டாயம் ஒரு பலகை வையுங்கள்.

பதில் 2: பார்வையற்ற ஆய்வு மாணவர்

மேலே சகோதரி சொன்ன யாவும் நீங்கள் செய்ய வேண்டியவை. கல்லூரி செய்ய வேண்டியதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் முப்பத்தைந்து நிமிடங்கள் உங்கள் உடம்பால் ஆவதில்லை. வகுப்பறை மேல்தளத்திலும் கழிப்பறை வேறு கட்டடத்திலும் இருப்பதால் ஆகிறது. வகுப்பறையை மாற்றுவது ஒரு சுற்றறிக்கையோடு முடிகிற காரியம்.

எனக்கும் இப்படிக் கணக்கில் வராத நேரம் உண்டு. வகுப்புக்கு முந்தைய மாலை வந்துசேரும் பிடிஎஃப், பெரும்பாலும் புத்தகப் பக்கங்களைப் படம்பிடித்ததாகவே இருக்கும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் அதைத் திறந்தால் ஒரு சொல்லும் ஒலிக்காது. படத்திலுள்ள எழுத்தை அறியும் எழுத்துணரி மென்பொருள் கொண்டு அதை உரையாக மாற்றினாலும், அடுக்கெண்கள் சாதாரண எண்களாகிச் சமன்பாடு தலைகீழாகிவிடும். மற்றவர்கள் படித்து முடிக்கும் நேரத்தில் நான் படிக்கத் தகுந்த பிரதியையே தயாரித்துக்கொண்டிருப்பேன். தலைப்புகளை முறையாகக் குறித்த உரைக்கோப்பாக, ஒரு வாரம் முன்னதாக வேண்டும் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கேட்ட பிறகுதான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

நீங்களும் எழுத்தில் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். 'உதவி தேவை' என்று எழுதினால் ஆறுதல்தான் பதிலாக வரும். இன்ன வகுப்பைக் கழிப்பறை உள்ள கட்டடத்தின் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதினால், ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருக்குத் தேவையான, அளவுக்கு மீறிய சுமையாகாத மாற்றங்களைச் செய்ய மறுப்பதைப் பாகுபாடு என்றே 2ஆம் பிரிவில் வரையறுக்கிறது; உயர்கல்வியிலும் அம்மாற்றங்கள் வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. ஆகவே இது சலுகை கேட்பது ஆகாது. கடிதத்தில் இதைச் சேர்க்கலாம்.

தேர்வைப் பற்றி ஒன்று. கூடுதல் நேரமும் இடைநிறுத்தமும் வேறு வேறு. எனக்கு வாசிக்க அதிக நேரம் தேவை, ஆகவே கூடுதல் நேரம் பொருந்துகிறது. உங்கள் கை வேகமாக எழுதும். அழுத்தம் குறைக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் ஆகும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவைத்தால் போதும். எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், பழக்கத்தில் உள்ளதையே கொடுத்துவிடுவார்கள்.

பதில் 3: கல்லூரி ஆசிரியர்

பாடத்தைத் தள்ளிவைப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். அது தோல்வி அல்ல. நோயின் போக்கால் களைப்பு கூடிக்கொண்டே போன மாணவர் ஒருவர், பாடங்களைக் குறைத்துக்கொண்டு ஓராண்டு கூடுதலாகப் படித்து நன்றாகவே முடித்ததைக் கண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால், பாடச்சுமை கூடுதல் என்பதற்கான சான்று எதுவும் எனக்குத் தென்படவில்லை. அறை மாறிய பிறகும் வாரம் கொள்ளவில்லை என்றால் அப்போது முடிவெடுங்கள். அந்த முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் இடம் கொடுப்போம். வெள்ளிக் காலையில் சொன்னால் எங்களால் செய்யக்கூடியது குறைவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. தாளை எடுத்துக் கதீட்டர் நேரங்களை முதலில் எழுதிப் பார்த்தேன். வியாழன் தேர்வு பத்திலிருந்து ஒரு மணி வரை. காலை ஆறு, ஒன்பதரை, மதியம் ஒன்றரை என்று வைத்தால் தண்ணீரைக் குறைக்காமலேயே அந்த நாள் ஒத்துவருகிறது. ஆயினும் அழுத்தம் குறைக்கும் இரண்டு நிமிடங்களுக்குக் கடிகாரத்தை நிறுத்தும்படி கேட்டிருக்கிறேன். புதன்கிழமை மட்டும் எப்படி எழுதினாலும் கொள்ளவில்லை. சோதனை நான்கு மணி நேரம், அதற்குமுன் மேல்தளத்தில் இரண்டு வகுப்புகள்.

கடிதத்தை இன்று துறைத் தலைவரிடம் நேரில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, முப்பத்தைந்து நிமிடம் என்பது சரிதானா என்று கேட்டார். அப்போது இடைவேளைதான், என்னோடு வந்து பாருங்கள் என்றேன். அவரும் வந்தார். மின்தூக்கிக்கு மட்டும் பதினோரு நிமிடம் காத்திருந்தோம். புதன்கிழமையின் இரண்டு வகுப்புகளையும் கீழே மாற்றுவதாக அங்கேயே சொன்னார். பியூரெட்டுக்குத் தாழ்வான மேசை இருக்கிறதா என்று ஆய்வுக்கூட உதவியாளரிடம் நாளை கேட்கப் போகிறேன்.