ஆபரேஷனுக்குப் பிறகு டி.என்.ஏ. ரத்தப் பரிசோதனை: எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்

எனக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் 2, எடுத்த நிணநீர் முடிச்சு எதிலும் நோய் இல்லை என்று போட்டிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி உடனே வந்து நின்றது. ஸ்டேஜ் 2-இல் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனோடு நோய் முடிந்துவிடும். மீதிச் சிலருக்குத்தான் திரும்ப வரும். நான் எந்தப் பக்கம் என்று பயாப்ஸி சொல்லாதே!

அப்போதுதான் டாக்டர் சி.டி.டி.என்.ஏ. பரிசோதனை பற்றிச் சொன்னார். உடம்பில் எந்தச் செல் செத்தாலும் அதன் டி.என்.ஏ. துணுக்குகள் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். புற்றுநோய்ச் செல்லிலிருந்து வந்த துணுக்கு என்றால் கட்டியில் இருந்த அதே மரபணு மாற்றம் அதிலும் இருக்கும். இந்தத் துணுக்குகள் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை, சில மணி நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் கட்டியை எடுத்துச் சில வாரம் கழித்தும் அவை தென்பட்டால், எங்கேயோ மிச்சமிருக்கும் செல்கள் அவற்றை விட்டுக்கொண்டே இருக்கின்றன என்று பொருள்.

ஆஸ்திரேலியாவில் ஸ்டேஜ் 2 நோயாளிகள் 455 பேரிடம் நடத்திய 'டைனமிக்' ஆய்வைப் பற்றியும் விளக்கினார். 2022-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான முறையில் கீமோவை முடிவு செய்தார்கள், இன்னொரு பிரிவுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வைத்து. வழக்கமான பிரிவில் 28 சதவீதம் பேர் கீமோ எடுத்தார்கள், பரிசோதனைப் பிரிவில் 15 சதவீதம் பேர்தான். அப்படியும் இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 92.4 சதவீதம், 93.5 சதவீதம். கீமோ எடுத்தவர்களின் அளவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது, பலனில் குறைவில்லை. இதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

எனக்கு நெகட்டிவ் வந்தது. கீமோ எடுக்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன், சி.இ.ஏ.வும் (நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனை) ஸ்கேனும் தவறாமல் நடக்கின்றன. பாசிட்டிவ் வந்தவர்கள் அதை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்க ஆசை.

அப்பாவுக்காக எழுதும் மகள்

அண்ணா, உங்களுக்கு நெகட்டிவ் என்று படித்ததில் மனசு நிறைந்தது. எங்கள் அப்பாவுக்கு ஸ்டேஜ் 3, அதாவது நிணநீர் முடிச்சுக்கும் பரவியிருந்தது. கீமோ எப்படியும் உண்டு என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. கீமோவுக்கு முன்னால் எடுத்ததில் பாசிட்டிவ், முடிந்ததும் நெகட்டிவ். அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் ஒரு செக்கப்பில் மறுபடி பாசிட்டிவ். சி.இ.ஏ. நார்மல், ஸ்கேன் சுத்தம். ரிப்போர்ட்டில் 'கண்டறியப்பட்டது' என்ற சொல்லும், அதன் கீழே ஒரு மில்லி பிளாஸ்மாவில் (ரத்தத்தில் அணுக்களைப் பிரித்த பின் மிஞ்சும் திரவம்) கட்டியின் டி.என்.ஏ. எத்தனை மூலக்கூறு என்று ஒன்றுக்கும் குறைவான ஒரு தசம எண்ணும் இருந்தன. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்பா டாக்டரிடம் கேட்டார்: "எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்புறம் எதை வெட்டுவீர்கள், எதற்கு மருந்து கொடுப்பீர்கள்?" டாக்டர் மழுப்பவில்லை. "இப்போதைக்கு எதையும் வெட்ட முடியாது, ஸ்கேனை அடிக்கடி எடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டென்மார்க்கில் 130 பேரைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஸ்கேனில் தெரிவதற்குச் சராசரியாக 8.7 மாதம் முன்பே ரத்தத்தில் தெரிந்திருக்கிறது. படிக்கும்போது பெரிய வரமாகத் தெரியும். அந்த மாதங்களை வீட்டுக்குள் வாழ்ந்து பார்ப்பது வேறு. அப்பா தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை.

கடைசியில் கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. சின்னதாக, ஒன்றே ஒன்றாக இருந்ததால் அறுத்து எடுக்க முடிந்தது. அடிக்கடி ஸ்கேன் எடுத்திராவிட்டால் அவ்வளவு சின்னதாகப் பிடித்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான். பட்ட அவஸ்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தப் பரிசோதனை எடுத்தது நல்லதே.

லேப் ஊழியர்

இந்தப் பரிசோதனைக்கு வரும் ரத்தத்தைப் பிரிக்கும் வேலை என்னுடையது. நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

எல்லாமே டியூபில்தான் ஆரம்பிக்கிறது. சாதாரண ஊதா மூடி டியூபில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதமானால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும், கட்டியின் துணுக்கு அதற்குள் மூழ்கிவிடும். தூரத்துக்கு அனுப்புவதற்கென்று செல்கள் உடையாமல் காக்கும் மருந்து போட்ட தனி டியூப் இருக்கிறது. அதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஐஸிலும் வைக்கக் கூடாது. எடுத்தவுடன் மெதுவாகத் தலைகீழாக்கி நிமிர்த்தி, எட்டுப் பத்து முறை கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த டியூபைத் திறந்தால், வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய பிளாஸ்மா சிவந்து கிடந்தது. திருப்பித்தான் அனுப்பினோம். ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் ஒருவர் மறுபடி கையை நீட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்று, இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உங்கள் கட்டித் திசுவின் மரபணுக்களை முதலில் படித்து, அதிலுள்ள மாற்றங்களை மட்டும் ரத்தத்தில் தேடுவார்கள். முதல் முறை முடிவு வரச் சில வாரம் ஆகும். மற்றதில் திசு வேண்டாம், ரத்தத்தை மட்டுமே வைத்துப் பார்ப்பார்கள். முதல் வகைக்கு ஆபரேஷனில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருக்கும் உங்கள் திசு தேவைப்படும் என்பதால், அது பத்திரமாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். வயதாக ஆக வெள்ளணுக்களிலேயே சில மரபணு மாற்றங்கள் சேரும். கட்டிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. நல்ல லேப் வெள்ளணுக்களின் மரபணுக்களையும் தனியாகப் படித்து அவற்றைக் கழித்துவிடும். அப்படிச் செய்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

தங்கையோடு இருந்த அக்கா

நெகட்டிவ் வந்தவர்களுக்காகவே எழுதுகிறேன், பயமுறுத்த அல்ல. என் தங்கைக்கு நெகட்டிவ். ஆனாலும் நுரையீரலில் திரும்ப வந்தது. அதைக் காட்டியது வழக்கமான ஸ்கேன்தான்.

டாக்டரிடம் எப்படி என்று கேட்டேன். நுரையீரலிலும் வயிற்றுச் சவ்விலும் வரும் கட்டிகள் ரத்தத்தில் விடும் டி.என்.ஏ. குறைவு, கல்லீரலில் வருவது அதிகம் விடும் என்றார். 2016-இல் வந்த ஒரு ஸ்டேஜ் 2 ஆய்வையும் சொன்னார். கீமோ எடுக்காதவர்களில் பாசிட்டிவ் வந்தவர்கள் 14 பேர், அவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பியது. நெகட்டிவ் வந்த 164 பேரிலும் 16 பேருக்குத் திரும்பியது. பாசிட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம், நெகட்டிவ் என்றால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. அதனால் நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது ஸ்கேனைத் தள்ளிப்போடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கீமோ வார்டு செவிலியர்

அப்பாவுக்காக எழுதிய மகளின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. பாசிட்டிவ் வந்ததும் "இன்னும் பலமான கீமோ போடுங்கள்" என்றுதான் எல்லாக் குடும்பமும் கேட்கும். நியாயமான ஆசை. ஆனால் 2025-இல் வெளிவந்த 'டைனமிக் 3' ஆய்வில், ஸ்டேஜ் 3-இல் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு வழக்கத்தைவிடக் கடுமையான கீமோ கொடுத்தும் நோய் திரும்புவது குறையவில்லை. நெகட்டிவ் வந்தவர்களுக்குக் கீமோவைக் குறைப்பது வழக்கமான சிகிச்சைக்குச் சமம் என்றும் அதில் உறுதியாக நிரூபணமாகவில்லை. ஆக, ஸ்டேஜ் 2-இன் கணக்கை ஸ்டேஜ் 3-க்கு அப்படியே போட முடியாது.

அதற்காகப் பாசிட்டிவ் வந்தால் கீமோவே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்த 'கேலக்ஸி' ஆய்வில், பாசிட்டிவ் வந்து கீமோ எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடத் தெளிவாகவே நன்றாக இருந்தார்கள்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறுவதை நான் பார்க்கிறேன். சிலருக்கு விரல் மரத்துப்போவது வருடக்கணக்கில் விடாது. தேவையில்லாத ஒருவருக்கு அந்த மருந்து ஏறாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் வந்தால் எதை விடுவீர்கள்? இரண்டுக்கும் "ஒன்றும் மாறாது" என்று பதில் வந்தால், எடுக்கத்தான் வேண்டுமா என்று அங்கேயே பேசிவிடுங்கள்.

திரியைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, தங்கைக்கு இப்போது எப்படி இருக்கிறது? என் சி.இ.ஏ.வோடு இந்தப் பரிசோதனையையும் மறுபடி எடுக்கலாமா என்று டாக்டரிடம் பேசப்போகிறேன், செவிலியர் சொன்ன கேள்விகளோடு. மகளே, அப்பாவுக்குக் கல்லீரல் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் எடுத்தார்களா?

தங்கையோடு இருந்த அக்கா

சிகிச்சை நடக்கிறது, நன்றாகத் தாங்குகிறாள். கேட்டதற்கு நன்றி.

அப்பாவுக்காக எழுதும் மகள்

எடுத்தார்கள் அண்ணா, நெகட்டிவ். அடுத்தது வரப்போகும் ஸ்கேனோடு. இந்த முறை அப்பா ஒரு கட்டளை போட்டிருக்கிறார்: ரிப்போர்ட் போனுக்கு வந்தால் யாரும் திறக்கக் கூடாது, டாக்டர் அறையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நாங்களும் சரி என்று சொல்லிவிட்டோம்.