'காஃப்காயென்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

ரோஸ்ஹில் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் ஓர் இடைநிலைப் பள்ளியில் மேல்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். போன வாரம் மாணவர்களுக்கு ஒரு பிரெஞ்சு நாளிதழ்ச் செய்தியை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். தண்ணீர் இணைப்புக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒருவரைப் பற்றிய செய்தி. அதில் 'காஃப்காயென்' என்ற சொல் வருகிறது, எழுத்தாளர் காஃப்காவின் பெயரிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொல். நம் தீவில் பத்திரிகை படிப்பவர்களுக்குப் பழகிப்போன சொல் அது. பஸ்ஸில்கூடக் காதில் விழும். பதினேழு பேரில் பதினான்கு பேர் 'மிகவும் சிக்கலான' என்றும், இருவர் 'குழப்பமான' என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். கேட்டேன். "எதை எழுதினாலும் குறைகிறது, மிஸ்" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியும், என் அம்மாவால். அம்மாவுக்கு வயது 81. பிறப்புப் பதிவில் அவர் பெயரை இரண்டு 'ஓ' போட்டு எழுதியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் ஒரு 'யூ'. இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் உள்ள கதைதான் இது. நம் பாட்டன்மார் பெயரைச் சொல்ல, எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். இந்த வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது, ஒரு பத்திர வேலையாக வரும்படி. போனோம். இரண்டு பெயரும் ஒருவருடையவைதான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். அம்மா நேரிலேயே நிற்கிறாரே என்றேன். நிற்பவர் இன்னார் என்று அட்டைதான் சொல்ல வேண்டுமாம். அந்த அட்டையில்தான் சந்தேகமாம். அட்டையைத் திருத்தலாம் என்றால், அதற்குப் பெயரில் ஐயமில்லாத அட்டை வேண்டுமாம். மூன்று முறை போய்த் திரும்பினோம். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில், பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதங்களை மடியில் அடுக்கியபடி அம்மா கேட்டார்: "நான் என்ன தப்பு செய்தேன்?" வீட்டில் பாதிக்குமேல் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுபவர் அதை மட்டும் தமிழில் கேட்டார்.

1925-இல் வெளிவந்த காஃப்காவின் 'விசாரணை' நாவலின் முதல் வரியில் இருப்பதும் இதுதான். ஒரு தப்பும் செய்யாத மனிதன் ஒரு காலையில் கைதாகிறான். என்ன குற்றம் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. 'சிக்கலான' என்ற சொல்லில் அந்தக் குற்றவுணர்வு எங்கே இருக்கிறது?

சிற்றிதழ்க் கட்டுரைகளில் 'காஃப்காத்தனமான' என்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒட்டவில்லை. கஞ்சத்தனம் கஞ்சனுடையது, கெட்டிக்காரத்தனம் கெட்டிக்காரனுடையது. அப்படியென்றால் காஃப்காத்தனம் காஃப்காவின் குணமாகிவிடுகிறது. அவர் அல்லவே எங்களை அலையவிட்டார்! காந்திய, மார்க்சிய என்பதுபோல் 'காஃப்காவிய' என்று போட்டால், படிக்கிறவர் கண்ணுக்குக் 'காவியம்' தெரிகிறது. 'காஃப்கா பாணி' என்றால் எழுத்து நடை. உங்கள் ஊரில், உங்கள் வாயில், என்ன சொல்கிறீர்கள்?

கத்ர்போர்ன், ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம் அம்மா. உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள். முப்பது வருடம் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்தவன் நான். இந்தச் சொல் என்னையும் படுத்தியிருக்கிறது.

நீங்கள் எழுத்தாளர் பெயரிலேயே தேடுகிறீர்கள். நம் மொழியின் வழக்கம் வேறு என்று நினைக்கிறேன். தமிழர்கள் கதை சொன்னவரைவிடக் கதைக்குள் இருந்தவரைத்தான் பேச்சில் வைத்துக்கொண்டார்கள். கும்பகர்ணத் தூக்கம், சகுனி வேலை, நாரதர் கலகம், அனுமார் வால்போல் நீளும் வழக்கு. வால்மீகித் தூக்கம் என்று யாராவது சொல்வார்களா? எழுதியவர் பெயரில் அன்றாடப் பேச்சுக்கு வந்தது என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 'இது என்ன பெரிய கம்பசூத்திரமா?' என்பது ஒன்றுதான். அதிலும் கம்பர் பெயர்தான் இருக்கிறதா, கழைக்கூத்தாடியின் கம்பம் இருக்கிறதா என்று வாதம் உண்டு.

பிரெஞ்சிலும் இந்த வழி இருக்கிறது. நம் பத்திரிகைகள் நம்பமுடியாத திருப்பங்கள் கொண்ட எந்த வழக்கையும் 'ரொகாம்போலெஸ்க்' என்று எழுதும். ரொகாம்போல் என்பவன் 19-ஆம் நூற்றாண்டுத் தொடர்கதை ஒன்றின் நாயகன். எழுதியவர் போன்சோன் து தெராய். அவரை இன்று யார் படிக்கிறார்கள்? அவன் மட்டும் நிற்கிறான்.

ஆகவே என் யோசனை: 'திரிசங்கு நிலை'. மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. உங்கள் மாணவர்களுக்கும் சட்டென்று புரியும்.

ரியூனியன், சேன்தாந்த்ரே வாசகர்:

அக்கா, நான் முப்பது வயதுக்குமேல் தமிழ் எழுத்துப் படித்தவன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

எங்கள் தீவில் 'காஃப்காயென்' எல்லோர் வாயிலும் வருகிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்தின் பெயரில் உள்ள 'ப்ரூஸ்தியென்' அப்படி வருவதில்லை, அது இலக்கியம் படித்தவர்களோடு நின்றுவிட்டது. ஆனால் ப்ரூஸ்த் 1913-இல் எழுதிய அந்த ஒரு காட்சி, தேநீரில் நனைத்த மத்லேன் கேக்கின் சுவையில் பிள்ளைப்பருவம் முழுவதும் திரும்பி வருவது, அது சந்தை வரைக்கும் வந்துவிட்டது. 'இதுதான் என் மத்லேன்' என்று நாவலைத் தொடாதவர்களும் சொல்கிறார்கள். என் மத்லேன் கறிவேப்பிலை. எண்ணெயில் அது வெடிக்கும் சத்தம் கேட்டால் பாட்டியின் தகரக் கூரை அடுக்களைக்குப் போய்விடுவேன். அந்த இலையை நாங்கள் 'கலுபிலே' என்கிறோம், நீங்கள் 'கரிபுலே' என்கிறீர்கள். நம் முன்னோர் இதற்கு விகுதி தேடவில்லை. வாய்க்கு வந்தபடி சொன்னார்கள், கிரியோல் ஏற்றுக்கொண்டது. 'காஃப்காயென்' என்று நாம் சொல்வதை அப்படியே தமிழில் எழுதினால் என்ன?

போர்ட் லூயி செவிலி:

ரியூனியன் தம்பி சொல்வதற்கு ஆதரவாக ஒன்று. நாவலாசிரியர் பெயரில் ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே ஊறிவிட்டது: 'சாடிஸ்ட்'. தமிழ் வார இதழ்களில் 'சாடிஸ்ட் கணவன்', 'சாடிஸ்ட் மேலதிகாரி' என்று எத்தனை முறை படித்திருக்கிறோம்! அது 1814-இல் இறந்த பிரெஞ்சு எழுத்தாளர் சாத் என்பவரின் பெயர். அதன் மறுபக்கமான, தான் வதைபடுவதில் இன்பம் காணும் 'மசோகிசம்' ஆஸ்திரிய நாவலாசிரியர் சாஹர்-மாசோஹ் பெயரிலிருந்து வந்தது. மனநல மருத்துவர் ஒருவர் அதை நோயின் பெயராக்கியபோது அந்த நாவலாசிரியர் உயிரோடு இருந்தார். தன் பெயர் மருத்துவ நூலில் ஏறியதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல்லுக்கும் நியாயம் நடக்கவில்லை. 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, அந்த ஆட்சியை வெறுத்து விலகியவர். மக்களைக் கண்காணித்து அடக்கும் எந்த ஆட்சியை எதிர்த்து எழுதினாரோ அதற்கே இன்று 'ஆர்வெலியன்' என்று அவர் பெயர். அது சொந்தப் பெயரும் அல்ல; எரிக் பிளேர் என்பவர் இங்கிலாந்தின் ஓர் ஆற்றின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். 'காஃப்காத்தனம்' பற்றி டீச்சர் சொன்ன குறை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்கூட இருக்கிறது, விகுதியை மாற்றித் தீர்த்துவிட முடியாது. காஃப்காவே 1908 முதல் 1922 வரை பிராகாவில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அடிபட்டவர்களின் மனுக்கள் வந்து சேரும் இடம்.

ரோஸ்ஹில் தமிழாசிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நேற்றிரவு அம்மாவிடம் திரிசங்கு கதையைச் சொன்னேன். சின்ன வயதில் கேட்டிருக்கிறாராம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் சொர்க்கத்துக்குப் போகவேண்டும் என்று தானாகக் கேட்டான். நான் எதையும் கேட்கவில்லை. கடிதம் போட்டது அவர்கள்" என்றார். அதற்குமேல் அந்தச் சொல்லுக்காக என்னால் வாதாட முடியவில்லை.

இன்று வகுப்பில் 'காஃப்காயென்' என்றே கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் விளக்கம் எழுத அந்தப் பெண்ணை அழைத்தேன். 'என்ன குற்றம் என்று யாரும் சொல்லாமலே குற்றவாளியாக நிற்க வைக்கும்' என்று எழுதினாள். நீளம்தான், செய்தியின் வாக்கியத்தில் வைத்துப் படித்தோம், நின்றது. 'அலைக்கழிக்கும்' என்பதையும் சேர்க்கலாம் என்றான் பின்வரிசையில் ஒருவன். சேர்க்கவில்லை. அலைவது கால்வலி, அதோடு போய்விடும்.

புதன்கிழமை மறுபடி போகிறோம். அம்மா இந்த முறை திருமணப் பதிவையும் எடுத்து உறையில் வைத்திருக்கிறார். அதில் அவர் பெயர் மூன்றாவது விதமாக இருக்கிறது.