கவச எஃகு பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். புதுச்சேரியில் எம்.டெக் கடைசி வருடம் படிக்கிறேன். குண்டுவெடிப்பின் அழுத்த அலையைக் கவச எஃகுத் தகடு எப்படித் தாங்குகிறது என்பதுதான் ப்ராஜெக்ட்.

வலிமை கூடினால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. சாதா எஃகு நன்றாகக் குழிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். கவச எஃகு அதைவிடக் குறைவாகக் குழியும், ஆனால் நீளும் தன்மை குறைவு. அதனால் பிடித்திருக்கும் ஓரத்தில் கிழிந்துவிடலாம். 1973இல் மென்கெஸ், ஓபட் என்ற ஆய்வாளர்கள் வெடிப்புக்கு உள்ளான அலுமினிய உத்திரங்களில் கண்ட மூன்று வகைச் சிதைவுகளில் இது இரண்டாவது. வெல்டிங் சூட்டில் கடினம் குறைந்து மென்மையாகிப்போகும் பகுதி வேறு கவலை தருகிறது.

லேபில் மெதுவாக இழுத்து உடைத்த துண்டு மேசையில் கிடக்கிறது. உடைந்த முகம் சாய்வாக, மங்கலாக இருக்கிறது. ஆனால் வெடிப்பு நடப்பது மில்லி விநாடிகளில். உலோகம் சிதையும் வேகமும் வெப்பமும் மாறும்போது அதன் வலிமை எப்படி மாறும் என்று கணிக்கும் ஜான்சன்-குக் சமன்பாட்டுக்கு அந்த வேகத்தில் எடுத்த அளவுகள் வேண்டும். புதுச்சேரி, கடலூர், சென்னைப் பக்கம் ஹாப்கின்சன் பார் சோதனை (நீண்ட கம்பிகளுக்கு நடுவே துண்டை வைத்து மிக வேகமாகச் சிதைத்து அளப்பது) செய்து தரும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணா, அக்கா. ஒரு நாள் வந்து பார்க்க அனுமதி கிடைத்தாலே பெரிய உதவி.