போக்கர்ல ராஜா-ஜாக்கியோட ரிவர்ல செக் பண்ணிட்டேன் (பெட் போடாம விட்டுட்டேன்). பெட் பண்ணியிருக்கணுமா?

நடுமேசை:
சனிக்கிழமை நண்பர் வீட்டு ஹோல்டம் போக்கர் மேசை (கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு). பிளைண்ட் (ரெண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமா போடற சிப்) 1/2, ஆளுக்கு 200 சிப். பட்டன்ல (கடைசியா பேசற இடம்) நான், கையில இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஜாக்கி. 6க்கு ஏத்தினேன். பிக் பிளைண்ட்ல (2 போட்ட இடம்) இருந்தவர் மட்டும் கால், அதாவது அதே அளவு போட்டார். பாட், அதாவது நடுவுல சேர்ந்த சிப், 13.

ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு): டைமன் ஜாக்கி, கிளாவர் 7, இஸ்பேட் 3. அவர் செக், நான் 6, அவர் கால். பாட் 25. டர்ன்ல (நாலாவது சீட்டு) ஆட்டின் ராணி. அவர் செக், நானும் செக். ரிவர்ல (அஞ்சாவது, கடைசிச் சீட்டு) கிளாவர் 4. மறுபடி அவர் செக், நானும் செக் பண்ணி சீட்டைத் திருப்பிட்டேன்.

ராணி விழுந்ததும் என் ஜாக்கி ஜோடி ரெண்டாம் ஜோடி ஆயிடுச்சு, ராணி வச்சவர் என்னை அடிச்சிடுவார். அதுலதான் பயந்தேன். அவர் காட்டின சீட்டைக் கடைசியில சொல்றேன். முதல்லயே சொன்னா எல்லாரும் அதை வச்சே பதில் சொல்வீங்க.

பொறுமைசாலி:
ரெண்டு செக்கும் சரிதான் நண்பரே. 1950ல ஹெரால்ட் கூன்னு ஒரு கணித அறிஞர் போக்கரைச் சுருக்கி மூணே சீட்டுல ஒரு ஆட்டம் அமைச்சார். ராஜா, ராணி, ஜாக்கி. ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு சீட்டு, பாட்ல ஆளுக்கு ஒரு சிப், அதுக்கு மேல ஒரே ஒரு சிப் பெட். பிழையில்லாம ஆடினா, ராணி கிடைச்சவர் பெட்டே பண்ண மாட்டார். ராஜா பெட் பண்ணும், ஜாக்கி சில நேரம் ப்ளஃப் பண்ணும் (சின்ன கையை வச்சே பெட் போட்டு மிரட்டும்), நடுவுல இருக்கிற ராணி செக் பண்ணும். ஏன்னா ராணி பெட் பண்ணினா ஜாக்கி மடிச்சிடும், ராஜா மட்டும்தான் கால் பண்ணும். ஜெயிக்கிற இடத்துல ஒரு சிப்பும் கூட வராது, தோக்கிற இடத்துல ஒரு சிப் கூடப் போகும்.

ஜான் வான் நியூமன்ங்கிற கணித அறிஞர் அதுக்கு முன்னாடியே போட்ட கணக்குலயும் முதல்ல ஆடறவர் உச்சிக் கையும் அடிக் கையும் பெட் பண்ணுவார், நடுக்கை செக். உங்க கை அந்த ராணிதான்.

கடைசிச்சீட்டு:
டர்ன் செக் சரி. ரிவர் செக் தப்பு. இதை நான் அழுத்தியே சொல்றேன், ஏன்னா இந்த ஒரு பழக்கத்தால வருஷக்கணக்கா சிப்பை மேசையிலயே விட்டுட்டு எழுந்து போனவன் நான்.

கூன் ஆட்டத்துல ராணிக்குக் கீழ இருக்கிறது ஒரே சீட்டு, தான் கடைசிங்கிறது அதுக்கே தெரியும். கால் பண்ண அதுக்கு ஒரு காரணமும் இல்லை. இங்க அப்படியா? உங்களை விடச் சின்ன கைகள்ல கால் பண்ணக்கூடியதை எண்ணிப் பாருங்க. வெளியில மிச்சம் ரெண்டு ஜாக்கி. ஜாக்கி-10 எட்டு விதம், ஜாக்கி-9 எட்டு விதம், ஜோடிப் பத்து ஆறு, ஜோடி ஒன்பது ஆறு. மொத்தம் 28. உங்களை அடிக்கிறது: ஏஸ்-ஜாக்கி எட்டு, ராணி-ஜாக்கி ஆறு. மொத்தம் 14. ரிவர்ல நீங்க கடைசியா பேசறவர், செக் பண்ணினா எப்படியும் சீட்டைத் திருப்பத்தான் போறீங்க. அதனால கால் பண்றதுல பாதிக்கு மேல உங்களுக்குத் தோத்தா போதும், பெட் லாபம். இங்க மூணுல ரெண்டு பங்கு தோக்குது.

பொறுமைசாலி:
அந்த 28 காகிதத்துலதான் இருக்கு. மேல ராணியும் ஜாக்கியும் கிடக்கறப்ப ஜோடிப் பத்தையோ ஒன்பதையோ வச்சுக்கிட்டு யார் கால் பண்ணுவாங்க? அந்த 12ஐ எடுத்துடுங்க. ஜாக்கி-9ல ஒரே ஜாதிச் சீட்டா இருந்தாத்தான் பிக் பிளைண்ட்லேர்ந்து வருவார்னு வச்சா, அதுல எட்டு இல்ல, ரெண்டுதான். இப்ப உங்க பக்கம் 10, எதிர்ப்பக்கம் 14. பெட் நஷ்டம். அவர் செக்-ரெய்ஸ் பண்ணினா (முதல்ல செக் பண்ணிட்டு, நீங்க போட்டதும் ஏத்தினா) என்ன பண்றதுங்கிறதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஏழாம்இருக்கை:
எல்லாரும் ரிவரையே பேசறீங்க. டர்ன்ல 16 போட்டிருக்கணும். அவர் கையில 10-9 இருந்தா எட்டு வந்தாலும் ராஜா வந்தாலும் வரிசை (தொடர்ச்சியா அஞ்சு சீட்டு) முடிஞ்சிடும், மிச்ச 44 சீட்டுல 7. அதாவது 16 சதவீதம். அதை ஏன் இலவசமா பார்க்க விடணும்?

கடைசிச்சீட்டு:
ஏழாம்இருக்கை, 10-9க்கு மட்டும்னா நீங்க சொல்றது நியாயம். ஆனா 16 போட்டா ஜோடிப் பத்தும் ஒன்பதும் அங்கேயே மடிஞ்சிடும். நிக்கிறது ராணி வச்சவர், ஏஸ்-ஜாக்கி, அப்புறம் கொஞ்சம் ஜாக்கி-10. நல்ல கைகளை மட்டும் சலிச்சு எடுத்து நாமளே எதிர்ல உட்கார வச்ச மாதிரி ஆயிடும்.

பொறுமைசாலிக்கு: ஜோடிப் பத்து கால் பண்ணுமா மடிக்குமான்னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது, எவ்வளவுக்குன்னு கேட்கணும். 25 பாட்ல 20 போட்டா அவர் 31 சதவீதம் நேரம் ஜெயிச்சாத்தான் அந்தக் கால் கட்டும். மடிச்சிடுவார். 8 போட்டா 20 சதவீதம் போதும். நீங்க டர்ன்ல செக் பண்ணினதைப் பார்த்தவர், 'இவன்கிட்ட ராணி இல்லை'ன்னு நினைச்சு 8ஐ நிச்சயம் பார்ப்பார். நடுக்கைக்கு பெட்டா செக்கானு பேசறப்ப அளவை விட்டுட்டா, பேச்சே பாதியிலதான் நிக்கும்.

நடுமேசை:
சரி, சொல்லிடறேன். அவர் காட்டினது ஏஸ்-ஜாக்கி. செக் பண்ணினதால தப்பிச்சேன்னுதான் இதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பொறுமைசாலி:
நான் எழுதினதுக்கு இதைச் சாட்சியா வைக்க மாட்டேன், ஒரு கை எதையும் நிரூபிக்காது. ஆனா ஒரு விஷயம் தெரியுது. இவர் ஏஸ்-ஜாக்கியை ஃப்ளாப்புக்கு முன்னாடி திருப்பி ஏத்தாதவர். அப்ப அந்த எட்டையும் முழுசா எண்ணணும்.

கடைசிச்சீட்டு:
நான் முழுசாத்தான் எண்ணியிருக்கேன், அந்த 14க்குள்ள எட்டும் இருக்கு. நடுமேசை, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டர்ன்ல ரெண்டு பேரும் செக் பண்ணின பிறகு, ராணி வச்சுக்கிட்டு அவர் ரிவர்லயும் சும்மா இருந்து பார்த்திருக்கீங்களா?

நடுமேசை:
ஆறு மாசமா அவரோட ஆடறேன். ஒரு தடவைகூட பார்த்ததில்லை. ரிவர்ல அவரே போட்டுடுவார்.

கடைசிச்சீட்டு:
அப்ப ராணி-ஜாக்கி ஆறும் போச்சு. பொறுமைசாலி சொன்ன மாதிரி பத்தும் ஒன்பதும் மொத்தமா மடிச்சாலும் 10க்கு 8. அந்தப் பத்து, ஒன்பது பன்னிரண்டுல பாதி கால் பண்ணினா 16க்கு 8.

பொறுமைசாலி:
அந்த ஆறை நான் எடுத்துடறேன், ரிவர்ல 8 போடலாம்ங்கிறதையும் ஒத்துக்கறேன். செக்-ரெய்ஸ் வந்தா உடனே மடிக்கணும், ஒரு சிப்பும் கூடப் போடக் கூடாது. இந்த அளவு மேசையில நடுக்கைக்கு எதிரா அதை ப்ளஃபா பண்றவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏழாம்இருக்கை:
டர்ன்ல 16ங்கிறது பெருசு, சரி. 8 போட்டிருந்தா?

கடைசிச்சீட்டு:
அதுக்கு ராத்திரி உட்கார்ந்து எண்ணிட்டு வர்றேன்.